அவருக்கும் நாய்க்கும் ஒரே மருந்து

என் கணவருக்கு நாய் பிடிக்காது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் வாரத்திலேயே இதை எனக்குத் தெரியப்படுத்திவிட்டார். அவர் எனக்குத் தெரியப்படுத்திய விஷயங்களே மிகக் குறைவு என்பதால் இது நன்றாக நினைவிருக்கிறது. ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில், செம்பட்டை நிறத்தில் ஒரு தெருநாய் படுத்திருக்கும்.

"அதைத் தொட்டுராத அம்மணி. சோறு கீறு போட்டுப் பழக்குனீன்னா அப்பறம் வாசலை விட்டு நகராது" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் பேசியதில் அதுதான் மிக நீளம்.

நாங்கள் இருவரும் கோயமுத்தூர்ப் பக்கம். அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு தள்ளுகிற வேலையில் இருந்தார். சாயங்காலம் வருவார், காபி குடிப்பார், பேப்பர் படிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கோபம்கூட இல்லை. பேச்சும் இல்லை. "இன்னைக்கு ஆபீஸ்ல என்னங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். ஒரு மனிதர் தினமும் பஸ்ஸேறிப் போய் ஒன்றுமில்லாத ஓரிடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு எப்படித் திரும்பி வருகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எழுபதுகளின் கடைசி அது. டெலிவிஷன் பக்கத்து வீட்டில்தான் இருந்தது. எனக்கு இந்தி அரைகுறை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவேன்.

நான் நாயைத் தொடவில்லை. பின்பக்கத்து பால்கனியிலிருந்து மிச்சச் சப்பாத்தியைக் கீழே போடுவேன், அவ்வளவுதான். மேலிருந்து போடுவது பழக்குவதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அந்த நாய் தெருநாயாக இருந்தும் கொழுகொழுவென்று இருப்பதற்கு என் சப்பாத்தி மட்டும்தான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அதற்குச் சொறி வந்தது. முதலில் காது ஓரங்களில் முடி உதிர்ந்தது. பிறகு முழங்கை, பிறகு வயிறு. தோல் சாம்பல் பூத்துத் தடித்து, மழையில் நனைந்து காய்ந்த செருப்பு மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தால் சொறிந்தது, படுத்தால் சொறிந்தது, நடந்து போகும்போது ஏதோ ஞாபகம் வந்ததுபோல நடுவழியில் நின்று சொறிந்தது. பின்னங்கால் தரையில் அடிபடும் தடதட சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று போய்த் திறந்து ஏமாந்திருக்கிறேன்.

அதே சமயத்தில் என் கணவரும் சொறிய ஆரம்பித்தார்.

அவர் அதை மிகவும் கௌரவமாகச் செய்தார். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் சொறிவார். பேப்பர் மட்டும் கரகரவென்று ஆடும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் வெளியே வரமாட்டார். ஒருநாள் சட்டைக் கையை மடித்தபோது பார்த்தேன். முன்கையின் உள்பக்கம் முழுவதும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள்.

"ஏனுங்க, கையில என்னுங்க இது?"

"ஒண்ணுமில்ல அம்மணி. குளுருக்குத் தோலு வறண்டுருச்சு."

தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது. புட்டியை வெயிலில் வைத்து இளக்கித் தடவிவிட்டேன். அரிப்பு குறையவில்லை. நான்கைந்து நாள் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த ஸ்வெட்டர் நூலு ஒத்துக்கலியாட்ட இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. கருநீலத்தில், கைப்பக்கம் ஜடை வைத்து, கழுத்தை இரண்டு தடவை பிரித்துப் பின்னிய ஸ்வெட்டர் அது. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவருக்குச் செய்த ஒரே பெரிய காரியம். "அப்படீன்னா டாக்டர்கிட்டக் காட்டிக் கேட்டுருவமுங்க" என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. எனக்கு அவருடைய தோலைவிட என் நூலின் மானம் பெரிதாக இருந்தது.

அரசாங்க டிஸ்பென்சரியில் இருந்த டாக்டரம்மா நடுத்தர வயதுப் பஞ்சாபி. அவர் மேஜையிலேயே பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று ஊசியோடு கிடந்தது. அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் டெல்லியில் பின்னாத பெண் கிடையாது. என் கணவரின் கை, வயிறு, தொடையின் மேல்பக்கம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் ஜடைப் பின்னலைப் பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதிலிருந்து எதையோ இரண்டு விரலால் பிடுங்கி மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாளில் வைத்தார். இன்னொன்றைப் பிடுங்கி வைத்தார். செம்பட்டை நிறத்தில் முடிகள்.

"யே ஊன் நஹீ ஹை" என்றார். இது கம்பளி இல்லை. "வீட்டில் நாய் இருக்கிறதா?"

"நோ டாக்டர்" என்றார் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து. "ஐ டோண்ட் லைக் டாக்ஸ்."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "உங்களுக்கு நாய் பிடிக்காமல் இருக்கலாம். ஏதோ ஒரு நாய்க்கு உங்களைப் பிடித்திருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். "கோத் மே" என்று தன் மடியைத் தட்டி, அதில் ஒரு நாய் படுத்திருப்பதுபோலத் தடவிக் காட்டினார். பொட்டுகள் இருக்கிற இடத்தைப் பாருங்கள், நாயைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டால் எங்கெங்கே படுமோ அங்கெல்லாம் இருக்கிறது என்றார். எனக்கு இந்தி அரைகுறை என்றாலும் இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டியைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நாயின் சொறிப்பூச்சி மனிதத் தோலில் அதிக நாள் தங்காது, நாய் குணமானால் இவரும் தானாகக் குணமாகிவிடுவார் என்றார் டாக்டரம்மா. நாயும் அப்படியே இருந்து இவர் மடியும் அப்படியே இருந்தால் இரண்டு பேரும் ஆயுள் முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அரிப்புக்கு ஒரு வெள்ளை லோஷன் எழுதிக்கொடுத்தார். கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல் பூசிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் குளிக்காமல் இருக்க வேண்டும், துணிகளை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும்.

மலை மந்திர் முருகன் கோயில் கண்ணில் படுகிற திருப்பம்வரை நடந்து வந்துவிட்டோம்.

"பால் பூத்துக்குப் போறப்ப அதா பின்னாடி வருது அம்மணி" என்றார் கடைசியில்.

"மடியிலயும் அதாவே ஏறிக்குதுங்களா?"

கொஞ்ச தூரம் நடந்தார். "குளுருதல்ல அதுக்கு" என்றார்.

மீதிக் கதை கீழ் வீட்டு ஆண்ட்டியிடமிருந்து கிடைத்தது. அவர் ஐம்பது வயதைத் தாண்டிய பஞ்சாபிப் பெண்மணி. காலை முதல் மாலைவரை வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டோ முள்ளங்கி சீவிக்கொண்டோ எங்கள் கட்டடத்தின் போக்குவரத்தைக் கண்காணித்தவர். என் கணவரும் நாயும் பற்றிக் கேட்டபோது, இது ஒரு செய்தியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அரே, உனக்குத் தெரியாதா? உன் சாஹப் தினமும் பால் வாங்கிவிட்டுப் பூங்காச் சுவரில் உட்காருவார். இது மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். பிஸ்கட் கொடுப்பார். பிறகு பேசுவார்."

"பேசுவாரா?"

"ரொம்பப் பேசுவார். மதராசியில். கையை ஆட்டி ஆட்டி. ஹஸ்தா பி ஹை" என்றார். சிரிக்கவும் செய்வாராம்.

என் கணவர் சிரித்து நான் பார்த்தது கல்யாண போட்டோவில் மட்டும்தான். அதுகூட போட்டோகிராபர் கெஞ்சிக் கேட்டதால். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொருத்தி என்றால் அழலாம், அண்ணனுக்குத் தந்தி அடிக்கலாம். முடி கொட்டிய நாய்க்காக என்ன செய்வது?

சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டேன். "அந்த நாய்கிட்ட என்னுங்க பேசுவீங்க?"

அவர் காபியை ஆற்றினார். "சும்மா. ஆபீஸ் சமாசாரம்."

"ஆபீஸ்ல ஒண்ணுமில்லீன்னு எங்கிட்டச் சொல்றீங்களே?"

"உங்கிட்டச் சொன்னா நீ வெசனப்படுவ. அது காதைத் தூக்கிக் கேட்டுட்டுப் பிஸ்கட்டத் திங்குது."

கோபமாக எழுந்து உள்ளே போய், கோபம் தீர்வதற்காக ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டு அலசினேன். அது சுருங்கிப்போய்ப் பிற்பாடு எனக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் அவர் ஆபீஸ் போயிருந்த நேரம், ஆண்ட்டி வைத்தியத்தில் இறங்கினார். அவருடைய தம்பி மோட்டார் மெக்கானிக். லாரியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஒரு டின்னில் வாங்கி வந்து, கந்தகப் பொடியைக் கலந்து, நாய்க்குக் காதிலிருந்து வால்வரை பூசிவிட்டார். தங்கள் கிராமத்தில் எருமைக்கெல்லாம் இதுதான், எப்படிப்பட்ட காஜும் ஓடிப்போய்விடும் என்றார். காஜ் என்றால் சொறி.

நாய் கட்டுப்பட்டுத்தான் நின்றது. பூசி முடிந்ததும்தான் அது தன்னை முகர்ந்து பார்த்தது. தன் வாசனை பிடிக்காமல் மிரண்டு, படியேறி ஓடி, முதல் மாடித் திருப்பத்தில் நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. இரண்டு பக்கச் சுவரும் கறுப்புப் புள்ளியாகிவிட்டன. பிறகு மொட்டைமாடிக்கு ஓடியது. அங்கே காலனிச் சங்கச் செயலாளரின் மனைவி புது ரஜாயை வெயிலில் போட்டிருந்தார். பஞ்சு அடைத்த, ரோஜாப்பூப் போட்ட கெட்டிப் போர்வை. நாய் அதில் முதுகைத் தேய்த்து, புரண்டு, மறுபக்கமும் புரண்டது.

செயலாளர் எங்களுக்கு மேல் வீடு. இறங்கி வந்து எல்லாக் கதவுகளையும் தட்டி, நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிடப் போவதாக அறிவித்தார். அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததாக யாருக்கும் தெரியாது. ஆண்ட்டி டின்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு முள்ளங்கி சீவ ஆரம்பித்தார்.

என் கணவர் வீடு திரும்பியபோது நாய் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் தார் டின்னில் விழுந்ததுபோல் நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் பையைப் படியில் வைத்தார். "ஏன்டா, யாரு உன்னை இப்புடிப் பண்ணுனது?" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்து, "அம்மணி, வெந்நி வெக்கறயா?" என்றார்.

ஸ்டவ்வில் வெந்நீர் காய்ச்சி வாளி வாளியாக இறக்கினேன். அவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு துணி சோப்பால் தேய்த்தார். நான் தூர நின்று சொம்பால் ஊற்றினேன். தெருவிளக்கு எரிகிறவரை கறுப்புத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். கடைசியில் நாய் உதறியதில் இருவரும் நனைந்தோம். அவர் சிரித்தார். ஆண்ட்டி சொன்னது பொய்யில்லை.

அடுத்த நாள் அவர் லீவு போட்டார். எங்கள் கல்யாணத்துக்கே தயங்கித் தயங்கி லீவு கேட்ட மனிதர். மாட்டாஸ்பத்திரிக்கு நாயை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பிரச்சினை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார்கள். காய்கறி வண்டிக்காரர் காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கடைசியில் பழைய பேப்பர் வாங்குகிறவர் தன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். பழைய செய்தித்தாள் கட்டுகளின்மேல் நாய் ராஜாபோல் உட்கார்ந்துகொண்டது. ஒருபக்கம் ஆபீஸ் சட்டையும் மங்கி குல்லாயுமாக என் கணவர், மறுபக்கம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நான். வழியில் அவருடைய ஆபீஸைச் சேர்ந்த தமிழ் அதிகாரி ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"என்ன சார், வீடு மாத்தறேளா?"

"இல்லீங்க சார். கொஞ்சம் ஒடம்பு சரியில்லீங்க" என்றார் என் கணவர். யாருக்கு என்று அதிகாரி கேட்கவில்லை. வண்டியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, பரிதாபத்தோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் இரண்டு ஆடு. டாக்டர் முறுக்கு மீசை வைத்த ஹரியானாக்காரர். எருமையின் வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"கடிக்குமா?"

"நஹீ. கேவல் சுன்தா ஹை" என்றார் என் கணவர். இல்லை, கேட்க மட்டும்தான் செய்யும்.

டாக்டர் காது ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி, அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். என் கணவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அம்மணி, நண்டாட்டம் நடக்குது!" என்றார். நானும் பார்த்தேன். உருண்டையாக, குட்டைக் கால்களோடு, அவசர வேலை இருப்பதுபோல் ஒன்று துழாவிக்கொண்டு போயிற்று. இவ்வளவு சின்ன ஜந்துவா என் ஸ்வெட்டருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஆயிலைப் பற்றிக் கேட்டதும் டாக்டருக்குக் கோபம் வந்தது. அது விஷம், நாய் நக்கினால் ஈரல் போய்விடும், லாரிக்கு ஊற்றுகிறதை லாரிக்கு ஊற்றுங்கள் என்று கத்தினார். பிறகு மருந்து எழுதினார். என் கணவர் சீட்டைப் படித்துவிட்டு முகம் மாறினார்.

"டாக்டர், யே தோ மேரா தவாய் ஹை." இது என் மருந்து.

"அச்சா?" என்று டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டு அவர் கையைப் பார்த்தார். "அப்புறம் என்ன? இருவருக்கும் ஒரே பாட்டில் போதும். ஆனால் அவனுக்குத் தண்ணீர் கலந்து பூசுங்கள். ஒரே நாளில் உடம்பு முழுக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்காக. காய்கிறவரை நக்க விடாதீர்கள். படுக்கிற சாக்கைக் கொளுத்துங்கள். உங்களுக்குத் தண்ணீர் கலக்க வேண்டாம்."

அப்படியாக எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குளிர்கால வெயிலில் வைத்தியம் நடந்தது. விடுமுறை நாளில் இருவருக்கும், மற்ற நாள் சாயங்காலம் நாய்க்கு மட்டும். சொறிந்து புண்ணான இடத்தில் அந்த லோஷன் பட்டால் நெருப்பாக எரியும். நாய் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். என் கணவர் தொட்டியைச் சுற்றி ஓடுவார். முடிந்ததும் ஒருவர் லுங்கியோடும் மற்றது ஒன்றுமில்லாமலும் வெள்ளையடித்த சுவர்போல வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். நாய் நக்காமல் இருப்பதற்காக அதன் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, காய்கிறவரை அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

துணி காயப்போடுகிற சாக்கில் நான் கேட்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் எனக்கு ஆபீஸ் சமாசாரமெல்லாம் தெரிந்தது. சூப்பிரண்டு இவருடைய இந்தியைக் கிண்டல் செய்வது, பக்கத்து சீட்டுக்காரர் ஹீட்டரைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வது, பிரமோஷன் பட்டியல் வரப்போவது. பூனைபோல் ஓசைப்படாமல் நின்று, ஒரு ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்பேன். ஒருநாள், "இவ வெக்கற கொழம்புல புளி தூக்கல்டா. சொன்னா மொகம் வாடிப்போயிரும்" என்றார். இரவு புளியைக் குறைத்தேன். மறுநாள் நாயிடம், "நேத்துக் கொழம்பு அருமைடா. என்னாச்சுன்னு தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈரத் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் குரலைத் தாழ்த்தினார். "ஊரு நெனப்புலயே இருக்கறாடா. பகல்ல தனியா என்ன பண்ணுவான்னு ஆபீஸ்ல நெனச்சுக்குவேன். வந்து கேக்கலாம்னு பஸ்ல வர்றப்பவெல்லாம் யோசிச்சுட்டுத்தான் வருவேன். வீட்டுக்குள்ள கால் வெச்சதும் என்ன கேக்கறதுன்னு மறந்துபோயிருது." அன்றைக்குக் கொடியில் போட்ட துணிகளையே மறுபடியும் எடுத்துப் பிழிந்து போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன்.

அரசாங்க வண்டி என்பதால் நாய் பிடிக்கிற வண்டி சொன்ன நாளில் வரவில்லை. எல்லாரும் மறந்துபோன பிறகு, ஆபீஸ் விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. இரண்டு பேர் நீளக் கழியில் கம்பிச் சுருக்கோடு இறங்கினார்கள். என் கணவர் அன்று லோஷன் பூசிக்கொண்டு மாடியில் இருந்தார். நாய் கீழே இருந்தது. ஆண்ட்டி போட்ட கூச்சல் கேட்டு அவர் லுங்கியும் சால்வையுமாக, மார்பெல்லாம் வெள்ளையாக, படிகளைத் தாவி இறங்கினார். நான் பால்கனிக்கு ஓடினேன்.

அவர் நாய்க்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சரளமாக வருகிற இந்தி ஆபீஸ் கோப்பில் எழுதுகிற இந்தி மட்டும்தான். அதுதான் அப்போது வந்தது.

"யே குத்தா விசாராதீன் ஹை!" என்றார். இந்த நாய் பரிசீலனையில் உள்ளது.

கழி வைத்திருந்தவர் திகைத்துப்போனார். "க்யா ஹை?"

"விசாராதீன்! இலாஜ் சல் ரஹா ஹை!" வைத்தியம் நடக்கிறது. அதற்குமேல் கோப்பு இந்தி கைகொடுக்கவில்லை. சால்வையை விலக்கி, சிவந்த வயிற்றைக் காட்டினார். "குத்தா கோ பி காஜ், ஹம்கோ பி காஜ். லே ஜானா ஹை தோ ஹம்கோ பி லே ஜாவ்!" நாய்க்கும் சொறி, எனக்கும் சொறி, கொண்டுபோவதென்றால் என்னையும் கொண்டுபோ.

இரண்டு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஆண்ட்டி பக்கவாட்டிலிருந்து, ஆமாம், இருவருக்கும் ஒரே பாட்டில் என்று சாட்சி சொன்னார். மேலே செயலாளர் தன் பால்கனியில் வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"உங்கள் நாய் என்றால் கழுத்துப்பட்டை எங்கே?" என்றார் கழிக்காரர்.

என் கணவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் உள்ளே ஓடினேன். பெல்ட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மேலே கிடந்தது கல்யாண வரவேற்புக்குக் கட்டிய டை. மெரூன் கலரில் தங்கக் கோடு போட்டது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். டை கட்ட எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வரவேற்பன்று போட்டோகிராபர்தான் கட்டிவிட்டார். எங்கள் ஊரில் கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சு எனக்குத் தெரியும். நாயின் கழுத்தில் அதைப் போட்டேன். அதை நான் தொட்டது அன்றுதான் முதல் தடவை. சொரசொரவென்று, சூடாக, என் கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது.

கழிக்காரர் டையைப் பார்த்தார், என் கணவரின் லுங்கியைப் பார்த்தார், மறுபடி டையைப் பார்த்தார். "டீக் ஹை, பாபுஜி. ஜல்தி டீக் கராவ்" என்றார். சீக்கிரம் குணப்படுத்துங்கள். நாயையா, உங்களையா என்று அவர் சொல்லவில்லை. வண்டி போய்விட்டது. ஆண்ட்டி எல்லாருக்கும் டீ போட்டார்.

ஹோலி வருவதற்குள் நாய்க்கு முடி முளைத்துவிட்டது. முதலில் காதில் பூஞ்சணம்போல, பிறகு முதுகில் மென்மையாக, பழையதைவிட அடர்த்தியான செம்பட்டையில். எஞ்சின் ஆயில்தான் உள்ளே இறங்கி வேலை செய்தது என்று ஆண்ட்டி எல்லாரிடமும் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை. என் கணவரின் பொட்டுகள் அதற்கும் முன்பே மறைந்துவிட்டன. ஒருநாள் காலை பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றவர், செருப்பை மாட்டியபடியே, "நீயும் வர்றியா அம்மணி?" என்றார். போனேன். பூங்காச் சுவரில் நாய் நடுவில் உட்கார்ந்தது. அவர் நாயைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் இடையில் நான் ஒரு கேள்வி கேட்டால் என் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார். சில வருஷம் அப்படிப் பழகிய பிறகு நாய் இல்லாதபோதும் அவருக்கு என்னோடு பேச வந்துவிட்டது.

நாய் வெகுகாலம் எங்களோடு இருந்தது. எண்பதுகளின் கடைசியில் மயூர் விஹாரில் ஃப்ளாட் கிடைத்து வீடு மாறினோம். டெம்போவில் சாமான்களை ஏற்றி முடித்ததும், கிழடுதட்டிப்போன அந்த நாய் யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறி, டிரைவருக்கும் என் கணவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. யமுனைப் பாலத்தைத் தாண்டுகிறவரை அவர் அதற்கு வழியெல்லாம் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாராம். டிரைவர் பிற்பாடு சொன்னார். நானும் இடையில் பிறந்து வளர்ந்துவிட்ட என் மகளும் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.